படை அழிந்த மறுநிமிடம்: டையாப்லோ 2-இன் ஏவல் படைகள், ஓர் ஒப்பீடு

கேள்வி இதுதான். டையாப்லோ 2: ரிசரெக்டட் விளையாட்டில் எலும்புக்கூடுகளை எழுப்பும் நெக்ரோமேன்சரை (பிணமந்திரவாதியை) வைத்து நார்மலை (மூன்று கடினநிலைகளில் முதலாவது; அடுத்தவை நைட்மேர், ஹெல்) முடித்துவிட்ட ஒருவர், நைட்மேரின் வாசலில் நின்றுகொண்டு, இதே எலும்புப் படையைத் தொடரலாமா, செத்த அரக்கர்களை அப்படியே எழுப்பும் ரிவைவ் வழிக்கு மாறலாமா, அல்லது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓநாய்களோடும் கரடியோடும் திரியும் ட்ரூயிட்டைப் புதிதாகத் தொடங்கலாமா என்று கேட்கிறார். எதன் அடி அதிகம் என்பதே அவருடைய முதன்மையான ஐயம்.

அடியை மட்டும் வைத்து இந்த மூன்றையும் ஒப்பிட்டால் விடை தவறாகவே வரும் என்பது என் கருத்து. ஏவலை அனுப்பிவிட்டுத் தள்ளி நிற்பவனுக்கு, அந்த ஏவல் எவ்வளவு வலிமையானது என்பதைவிட, அது அழிந்தபின் மறுபடி எழுப்ப எத்தனை நொடி ஆகும், எழுப்புவதற்கு என்ன தேவைப்படும் என்பவையே ஹெல்லில் உயிர்ப் பிரச்சினையாகின்றன. இந்த விளையாட்டில் ஆட்டத்தைச் சேமித்து வெளியேறினாலே எலும்புப் படை கலைந்துவிடும். மறுநாள் உட்காரும்போது வெறுங்கையோடுதான் தொடங்க வேண்டும். ஆகவே படையை மீட்பது எப்போதாவது நேரும் விபத்து அன்று. அது அன்றாட வேலை. ஒவ்வொரு வழியையும் இந்த அளவுகோலைக் கொண்டே பார்க்கிறேன்.

முதலில் உங்கள் கையில் இருக்கும் எலும்புப் படை. ரெய்ஸ் ஸ்கெலிட்டன் முதல் மூன்று லெவல் வரை லெவலுக்கு ஒரு எலும்புக்கூட்டைத் தரும். அதற்குப் பிறகு மூன்று லெவலுக்கு ஒன்றுதான் கூடும். இருபது லெவலில் எட்டு, அணியும் உடைமைகள் தரும் கூடுதலோடு முப்பதைத் தொட்டால் பன்னிரண்டு, நாற்பதில் பதினைந்து. எண்ணிக்கை இப்படி மெதுவாக ஏறுவதைக் கண்டு பலர் நடுவிலேயே திறன் புள்ளிகளை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார்கள். அது பிழை; ஒவ்வொரு லெவலும் இருக்கும் எலும்புக்கூடுகளின் உயிரையும் அடியையும் சேர்த்தே உயர்த்துகிறது. ஸ்கெலிட்டன் மாஸ்டரி ஒவ்வொரு புள்ளிக்கும் எட்டு உயிரும் இரண்டு அடியும் கூட்டுகிறது. எண்களாகப் பார்த்தால் இவை அற்பம். ஆனால் இவை அடிப்படை மதிப்பில் சேர்ந்து, அதன்மேல் சதவீதங்கள் பெருகுவதால், இருபது புள்ளிகளையும் இதில் போட்டவருடைய படையும் போடாதவருடைய படையும் ஹெல்லில் ஒரே இனமாகத் தெரியாது.

புள்ளிக் கணக்கு நெருக்கடியானதன்று. மூன்று கடினநிலைகளிலும் டென் ஆஃப் ஈவில், ராடமென்ட், இசுவல் ஆகிய பணிகள் மொத்தம் பன்னிரண்டு புள்ளிகளைத் தருகின்றன. எண்பத்தைந்தாம் லெவலில் கையில் தொண்ணூற்றாறு இருக்கும். எலும்புக்கூட்டுக்கு இருபது, மாஸ்டரிக்கு இருபது போக மீதி எங்கே என்பதுதான் கேள்வி. என் விடை, தயக்கமின்றி, கார்ப்ஸ் எக்ஸ்ப்ளோஷன், அதாவது பிணவெடிப்பு.

ஏனெனில், எலும்புப் படை நெக்ரோமேன்சரில் உண்மையாகக் கொல்பவை எலும்புக்கூடுகள் அல்ல. அவை வேலி. முதல் பிணத்தை விழ வைப்பதோடு அவற்றின் முக்கியமான கடமை முடிந்துவிடுகிறது. அதன்பின் அந்தப் பிணத்தை வெடிக்கச் செய்தால், செத்த அரக்கனின் உயிரளவை ஒட்டிய அடி சுற்றியிருப்பவற்றின் மேல் இறங்கும்; அதில் பாதி நெருப்பு, பாதி வெறும் உடல்தாக்கு. அரக்கர்களின் உயிர் ஹெல்லில் எவ்வளவு பெருகினாலும் வெடிப்பின் அடியும் கூடவே பெருகுவதால், இந்தத் திறன் ஒருபோதும் பழசாவதில்லை. புள்ளிகளைக் கூட்டினால் வெடிப்பின் வலு கூடாது, வீச்சு மட்டுமே விரியும். ஒரு கும்பலில் இரண்டு பிணம் விழுந்துவிட்டால் மீதி நான்கைந்து நொடி வேலை.

இதற்கு முன்னால் போட வேண்டிய சாபம் ஆம்ப்ளிஃபை டேமேஜ். இது எதிரியின் உடல்தாக்கு எதிர்ப்பிலிருந்து நூறைக் கழிக்கிறது. எதிர்ப்பே இல்லாத அரக்கனுக்கு அடி இரட்டிப்பாகும். ஐம்பது சதவீத எதிர்ப்பு உள்ளவனுக்கோ, பாதியாக இறங்கிக்கொண்டிருந்த அடி முழு அடியில் ஒன்றரை மடங்காகும், அதாவது முன்பு இறங்கியதைப் போல மூன்று மடங்கு. ஆனால் உடல்தாக்கு அறவே ஏறாத அரக்கர்களிடம் சாபத்தின் ஐந்தில் ஒரு பங்குதான் வேலை செய்யும்: எதிர்ப்பு நூற்றுப் பத்தாக இருந்தால் இருபது கழிந்து தொண்ணூறாகிக் கொஞ்சமாவது கீறலாம், நூற்று இருபதாக இருந்தால் ஒன்றும் நடவாது. பெரிய தலைவர்களிடம் மட்டும் டெக்ரிபிஃபைக்கு மாறிக்கொள்ளுங்கள். அது ஐம்பதைத்தான் கழிக்கும் என்றாலும் எதிரியைத் தள்ளாடும் கிழவனாக்கிவிடுகிறது. ஒருவன்மீது ஒரு சாபம்தான் நிற்கும், பின்னால் வந்தது முன்னதை அழிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கீழே இதற்குத் திரும்பி வருவேன்.

இனிக் கூலிப்படை வீரன். நைட்மேரில் இரண்டாம் அத்தியாயத்துக்கு வந்ததும், லட் கோலீனில் கிரைஸிடம் தாக்குதல் வகை ஈட்டி வீரனை அமர்த்துங்கள். அவனுடைய மைட் ஆரா (சுற்றிலும் பரவும் மந்திர விளைவு) உங்கள் படை முழுவதன் அடியையும் உயர்த்தும். அவன் கையில் முதலில் இன்சைட் ரூன்வேர்டு (ரால், டிர், டால், சால் என்ற ரூன் கற்களை வரிசையாகக் கோத்துச் செய்யும் ஆயுதம்) கொடுத்தால் மெடிடேஷன் ஆராவினால் உங்கள் மனா (மந்திரமிடச் செலவாகும் ஆற்றல்) வற்றாது. இந்த நான்கு ரூன்களும் நார்மலிலும் நைட்மேரிலும் கிடைக்கக்கூடியவை. அவனுக்கு உறைபனி ஆரா உள்ள தற்காப்பு வகைத் தோழன் ஒருவன் உண்டு. எதிரிகளை மந்தமாக்குவதால் பாதுகாப்பானவன் என்று பலர் பரிந்துரைப்பார்கள். நெக்ரோமேன்சருக்கு அவன் வேண்டாம். குளிரில் செத்த அரக்கன் பனிக்கட்டியாகச் சிதறிப்போக வாய்ப்பு உண்டு, சிதறினால் பிணம் இல்லை. பிணம் இல்லாவிட்டால் வெடிப்பும் இல்லை, புதிய எலும்புக்கூடும் இல்லை. நம் மூலப்பொருளை நாமே எரித்துவிடுவது போன்றது அது.

இப்போது மீட்பைப் பார்ப்போம். எலும்புப் படையின் உண்மையான பலவீனம், அதற்குப் பிணம் வேண்டும் என்பதே. ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கும்போது களிமண் கோலெம் (வாசலில் போடும் கோலமன்று, மந்திரத்தால் நடமாடும் பொம்மை) ஒன்றையும் கூலி வீரனையும் முன்னால் விட்டு, சாபமிட்டு, முதல் அரக்கனை வீழ்த்த வேண்டும். அங்கிருந்து கணக்கு நேராகிவிடுகிறது. இந்த விளையாட்டு நொடிக்கு இருபத்தைந்து சட்டகங்களில் ஓடுகிறது. மந்திர வேகம் ஏதுமற்ற நெக்ரோமேன்சர் ஒருமுறை மந்திரமிடப் பதினைந்து சட்டகம், அதாவது 0.6 நொடி எடுக்கிறார். எழுபத்தைந்து சதவீத மந்திர வேகம் இருந்தால் அது பத்துச் சட்டகமாக, 0.4 நொடியாகக் குறைகிறது. பன்னிரண்டு எலும்புக்கூடுகளை எழுப்ப முன்னவருக்கு ஏழு நொடிக்கு மேல், பின்னவருக்கு ஐந்து நொடிக்குள். எதிரிகள் சூழ்ந்து நிற்கும்போது அந்த இரண்டு நொடிக்கு என்ன விலை என்று படையை இழந்தவருக்குத் தெரியும். ஸ்பிரிட் கேடயம் இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து, மேஜ்ஃபிஸ்ட் கையுறை இருபது, இரண்டு மோதிரங்கள் தலா பத்து என்று சேர்த்தாலே இலக்கை நெருங்கிவிடலாம். அடுத்த படியான நூற்றிருபத்தைந்து, ஒரேயொரு சட்டகத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பல நல்ல உடைமைகளைப் பலி கேட்கும். ஏவல் படைக்கு அது தேவையில்லை.

பிணம் கிடைக்காத இடங்களில்தான் சோதனை. இரண்டாம் அத்தியாயத் தலைவன் டுரியலின் அறை குறுகியது, அவனைத் தவிர அங்கு யாரும் இல்லை. உள்ளே கொண்டுபோன படை கரைந்தால் அவ்வளவுதான். ஆரியட் மலையுச்சியில் மூன்று பண்டைய வீரர்களும் அப்படியே: விழுந்தால் சிலையாகிவிடுவார்கள், பிணமாக மாட்டார்கள், நடுவில் ஊருக்குத் திரும்பினால் சண்டை முதலிலிருந்து தொடங்கும். நான் முதன்முறை ஹெல்லில் அங்கு போனபோது, படை கரைந்தபின் களிமண் கோலெம்மை மறுபடி மறுபடி எழுப்பியே கால் மணி நேரம் போராடினேன். இத்தகைய இடங்களுக்குப் போகும் முன் சற்று முந்தைய இடத்திலேயே படையை முழு எண்ணிக்கைக்கு நிரப்பிக்கொண்டு நுழைய வேண்டும். கோலெம்முக்குப் பிணம் வேண்டாம், எத்தனை முறை செத்தாலும் மனா இருந்தால் போதும். அதன் அடிகள் எதிரியை மந்தமாக்கும். அதோடு டெக்ரிபிஃபையும் சேர்ந்தால் டுரியல் ஆமை வேகத்தில்தான் கையை ஓங்குவான்.

எலும்பு மந்திரவாதிகளைப் பற்றிச் சுருக்கமாக: அவற்றின் எண்ணிக்கை எலும்புக்கூடுகளுக்கு உரிய அதே கணக்கில்தான் ஏறுகிறது, நஞ்சு, குளிர், நெருப்பு, மின்னல் என்று எது எழும் என்பது அதிர்ஷ்டம். ஆம்ப்ளிஃபை அவற்றின் தாக்குதலுக்கு உதவாது, குளிர் வகையினால் பிணம் சிதறும் ஆபத்தும் உண்டு. ஒரு புள்ளி போட்டு, கூடுதல் திறன் உடைமைகளால் வளரும் வரை வளரட்டும் என்று விடுங்கள்.

கோலெம்களில் இரும்பு கோலெம் மட்டும் தனியாகப் பேசத் தக்கது. ஓர் உலோக உடைமையை உருக்கி அதை உருவாக்குகிறோம். அந்த உடைமையின் ஆரா கோலெம்மோடு ஒட்டிக்கொள்கிறது. இன்சைட் ஆயுதத்தை இப்படிப் பலியிட்டால் மெடிடேஷன் ஆரா நடந்து வரும். கூலி வீரனின் கை வேறு ஆயுதத்துக்கு விடுபடும். ஆட்டத்தை விட்டு வெளியேறினாலும் கலையாத ஒரே ஏவல் இதுதான். அதனால்தான் நம் அளவுகோலில் இது விசித்திரமாக நிற்கிறது: சாகாத வரை மீட்பு நேரம் சுழியம், செத்தால் மீட்பின் விலை ஒரு முழு உடைமை. மலிவான இன்சைட்டைப் பலியிடலாம். ஐந்து ரூன் கோத்த பீஸ்ட் போன்றவற்றைப் பலியிடுவது என்னைப் பொறுத்தவரை செல்வந்தரின் பொழுதுபோக்கு.

ரிவைவ் வழிக்கு வருகிறேன். காகிதத்தில் இதுவே மிக வலிமையானது. லெவலுக்கு ஒன்று வீதம் எழும். எழுந்த அரக்கன் தன் பழைய ஆற்றல்களோடேயே நமக்காகப் போரிடுவான். ஹெல்லின் பிற்பகுதியில் உள்ள பேருருவங்களை எழுப்பினால் எலும்புக்கூடு எதுவும் அவற்றின் அருகே நிற்க முடியாது. பெயர் பெற்ற தனித்துவ அரக்கர்களையும் அத்தியாயத் தலைவர்களையும் மட்டும் எழுப்ப இயலாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் மூன்றே நிமிடம் ஆயுள், அதுவும் தனித்தனிக் கெடு. பதினைந்து பேரை எழுப்பியவர் பதினைந்து மெழுகுவர்த்திகளை வெவ்வேறு நேரத்தில் ஏற்றியவரைப் போன்றவர். ஒன்று அணையும்போது இன்னொன்றைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். படை அழிந்தால் மட்டுமல்ல, அழியாவிட்டாலும் மீட்பு வேலை ஓயாது. நல்ல அரக்கர்கள் ஓரிடத்திலும் தலைவன் இன்னோரிடத்திலும் இருந்தால், நடுவில் உள்ள தூரமே கெடுவில் பாதியைத் தின்றுவிடும்.

இதைவிடப் பெரிய குறை, இவை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மூலைகளில் நின்று வேடிக்கை பார்க்கும், பின்தங்கும், கதவருகே தேங்கும். டெலிபோர்ட் (ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கணத்தில் பாயும் மந்திரம்) இருந்தால் இந்தக் குறை ஒரே கணத்தில் மறைகிறது: நீங்கள் பாயும் இடத்தில் படை முழுவதும் உங்களைச் சுற்றி விழும், அதாவது எதிரியின் தலைமேல் விழும். அதற்கான இனிக்மா ரூன்வேர்டு ஜா, இத், பெர் என்ற மூன்று ரூன்களால் ஆனது. ஜாவும் பெரும் எப்போது கிடைக்கும் என்று சொல்ல யாராலும் ஆகாது. ஏழையின் மாற்று, குறிப்பிட்ட முறைகள் மட்டும் டெலிபோர்ட் செய்யத் தரும் ஊன்றுகோல் ஒன்றை மாற்று ஆயுத இடத்தில் வைத்துக்கொள்வது. தீர்ந்ததை நிரப்பப் பழுதுபார்க்கும் கூலி வலிக்கும். இருந்தாலும் மேகட் லேயர் போன்ற எறும்புப் புற்றில் படை முழுவதும் ஒற்றை வரிசையில் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது, அந்தக் கூலி நியாயமாகத் தெரியும். எனவே, டெலிபோர்ட் இல்லாதவருக்கு ரிவைவ் துணைப்படை. அது உள்ளவருக்கே முதற்படை.

மூன்றாவது ட்ரூயிட். பழைய ஆட்டத்தில் இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைத்ததில்லை, ஏனெனில் ஆவி ஓநாய், வெறி ஓநாய், கரடி ஆகியவற்றில் ஒரு வகையை அழைத்தால் மற்றது மறைந்துவிடும். 2022 ஏப்ரலில் வந்த பேட்ச் 2.4 அந்தத் தடையை நீக்கியது. இப்போது ஐந்து ஆவி ஓநாய், மூன்று வெறி ஓநாய், ஒரு கரடி ஆகிய ஒன்பதும் ஒன்றாக நடக்கலாம். கூடவே ஐந்து காகம் வரை, ஒரு கொடி, ஓர் ஆவி. மூன்று விலங்குத் திறன்களும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுப்பவை: ஒன்றில் போட்ட புள்ளி மற்றவற்றின் தாக்கும் திறத்தையோ உயிரையோ அடியையோ உயர்த்தும். ஆவிகளில் உயிரைப் பெருக்கும் ஓக் சேஜும் அடியைப் பெருக்கும் ஹார்ட் ஆஃப் வுல்வரினும் ஒரே நேரத்தில் நிற்கா என்பதால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹெல்லில் தடுமாறும்போது ஓக் சேஜ், படை தடிக்கும்போது வுல்வரின் என்பது என் வழக்கம்.

மீட்பில் ட்ரூயிட்டை மிஞ்ச ஆளில்லை. பிணம் தேவையில்லை, ஊரை விட்டு வெளியே கால் வைத்த சில நொடிகளில் முழுப் படையும் தயார். டுரியல் அறையிலும் ஆரியட் உச்சியிலும் விழுந்த ஓநாயை நின்ற இடத்திலேயே மறுபடி அழைக்கலாம். நெக்ரோமேன்சர் அஞ்சும் அதே இடங்களில் ட்ரூயிட் கொட்டாவி விடலாம்.

ஆனால் கொல்லும் வேகத்தில் அவர் பின்தங்குகிறார், காரணம் ஓநாய்களின் பல் மழுங்கியது என்பதன்று. அவரிடம் சாபமும் இல்லை, பிணவெடிப்பும் இல்லை. எலும்புக்கூடு அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் பின்னால் ஆம்ப்ளிஃபை நிற்கிறது. ஓநாயின் அடி தனியாக நிற்கிறது. இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்ட, கூலி வீரனின் கையில் ரீப்பர்ஸ் டோல் என்ற தனித்துவ ஆயுதத்தைக் கொடுங்கள்; அது அடிக்கும்போது முப்பத்து மூன்று சதவீத வாய்ப்பில் டெக்ரிபிஃபை சாபத்தை இடும். மேலே சொன்னது இப்போது நினைவுக்கு வரட்டும்: இதே ஆயுதத்தை நெக்ரோமேன்சரின் கூலி வீரனுக்குக் கொடுத்தால், நீங்கள் இட்ட ஆம்ப்ளிஃபையை அவன் ஓயாமல் அழித்து, நூறு கழிந்த இடத்தில் ஐம்பதைக் கழித்துக்கொண்டிருப்பான். பிணத்தை நம்பி இராததால் உறைபனி வீரனைப் பற்றிய என் எச்சரிக்கையும் ட்ரூயிட்டுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. வெறி ஓநாய் பிணம் தின்று வெறியேறும், ஒரு வகைக் கொடி பிணத்தைத் தின்று உங்கள் உயிரை நிரப்பும் என்பது தவிர, பிணம் சிதறினால் அவருக்கு நட்டமில்லை.

கேட்டவரின் நிலைக்கு வருவோம். நார்மலை முடித்த நெக்ரோமேன்சரிடம் ஏறத்தாழ நாற்பது புள்ளிகள் இருக்கும். எலும்புக்கூட்டில் இருபது நிரம்பியிருந்தால் மாஸ்டரியை நிரப்புங்கள். பிணவெடிப்பில் நைட்மேர் முழுவதற்கும் ஐந்தாறு புள்ளிகள் போதும், வீச்சைப் பெருக்குவதை ஹெல்லுக்கு முன் வைத்துக்கொள்ளலாம். சாபங்களுக்கும் சம்மன் ரெசிஸ்ட்டுக்கும் (ஏவல்களுக்கு மந்திரத் தாக்குதல்களை எதிர்க்கும் வலுவைத் தரும் திறன்) களிமண் கோலெம்முக்கும் தலா ஒரு புள்ளி. ரிவைவுக்கு வழிப்புள்ளிகளோடு ஒன்று போட்டுவிட்டு, கையில் டெலிபோர்ட் வரும் வரை அதைப் பெரிதாக நம்பாதீர்கள். வந்தபின் மாற வேண்டுமென்றால் தடையில்லை. ஒவ்வொரு கடினநிலையிலும் டென் ஆஃப் ஈவிலை முடித்தவருக்கு முதல் அத்தியாய ஊரில் இருக்கும் அகாரா ஒருமுறை எல்லாப் புள்ளிகளையும் திருப்பித் தருகிறாள். அந்த வாய்ப்பை நைட்மேரில் செலவழிக்காமல் வைத்திருந்தால், இனிக்மா கிடைத்த அன்றைக்கே அவளிடம் போய், மாஸ்டரியை மட்டும் தொடாமல், பிணவெடிப்புப் புள்ளிகளில் பாதியை ரிவைவுக்கு நகர்த்திப் பார்க்கலாம். மாஸ்டரியைத் தொடக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு: அது ரிவைவ் படைக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஐந்து சதவீத உயிரும் பத்து சதவீத அடியும் கூட்டுகிறது. ட்ரூயிட்டைத் தொடங்குவதானால் இந்த நெக்ரோமேன்சரை விட்டுவிட்டுத் தொடங்காதீர்கள். இவர் நைட்மேரில் சேர்க்கும் ரூன்களையும், கையில் விழுந்தால் ரீப்பர்ஸ் டோலையும், பொதுப் பெட்டகத்தில் ட்ரூயிட்டுக்காகப் போட்டு வையுங்கள்.